வெலிகாமத்துத் தீவு மாளிகை

வீடு கட்டப் புறப்படுகிற நம்மவர் முதலில் ஜோசியரிடம் போய், தலைவாசல் எந்தத் திசை பார்த்திருந்தால் குடித்தனம் விளங்கும் என்று கேட்கிறார். கிழக்கா வடக்கா என்று தீர்மானமாவதற்குள் செங்கல் விலை ஏறிவிடுகிறது. ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன் இலங்கையின் தென்கரையில் வீடு கட்டிய ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இந்தச் சங்கடமே ஏற்படவில்லை. நடுவில் ஓர் எண்கோண மண்டபம். அதைச் சுற்றி அறைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை தடைபடாமல் வெளியே ஓடும்படி வாசல்கள். இப்படிக் கட்டுவதற்கு வசதியாக அவர் ஒரு தீவையே விலைக்கு வாங்கிக்கொண்டார். விலை 250 ரூபாய் என்று சொல்லுகிறார்கள். அந்தக் காலத்து 250 ரூபாய்தான். ஆனாலும் ஒரு தீவுக்கு அது அதிகமென்று சொல்ல முடியாது.

அந்த வீட்டிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஏழு திசைகளில் கடல் தெரியும். எட்டாவது திசையில் கரை தெரியும். ஏழு திசைகளைப் பற்றி உல்லாசப் பிரயாணிகளின் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. அந்த எட்டாவது திசையைப் பற்றியும் நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டுமென்பது நம் ஆசை.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் மாத்தறை வண்டி ஏறுகிறவர்கள் வலது பக்கத்து ஜன்னலோரம் இடம் பிடிக்க வேண்டும். நகரத்தை விட்டு வண்டி புறப்பட்டதுமே சமுத்திரம் கூடவே வரத் தொடங்குகிறது. சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு வரிசைக் கற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. காற்றில் உப்பு, உதட்டில் உப்பு, கையிலிருக்கும் பத்திரிகையும் உப்பில் நமுத்துப் போகிறது. மறு பக்கத்தில் தென்னை, மேலும் தென்னை, அதற்கப்பாலும் தென்னை. கேரளத்தைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சிதான்.

காலியில் இறங்கி ஒரு பொழுது தங்குவது நல்லது. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் பெரிதாக்கிய கோட்டை இன்னும் கலையாமல் இருக்கிறது. 1988-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தார்கள். ஆனால் தமிழர்கள் காலியை நினைவில் வைக்க வேண்டிய காரணம் கோட்டையன்று, ஒரு கல். சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய அந்தக் கல் 1409-ஆம் வருஷத்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் சாஸனம் வெட்டியிருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரத்து நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. சீனாவிலிருந்து புறப்படுகிறவர், இலங்கையின் தென்கோடியில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் தமிழில் பேசியாக வேண்டும் என்று அறிந்திருந்தார்! இப்படிப்பட்ட கல் பின்னால் ஒரு வாய்க்காலின் மேல் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. 1911-இல் கண்டெடுத்துக் கொழும்பு மியூஸியத்தில் வைத்திருக்கிறார்கள். சாஸனத்தில் வரும் தென்னாவரம், வெலிகாமத்தையும் மாத்தறையையும் தாண்டித் தெய்வேந்திரமுனையில் இருந்தது. 1344-இல் அந்தப் பக்கம் வந்த இபுன் பத்தூதா அங்கே பெரிய கோயிலைக் கண்டு எழுதி வைத்தார். 1588-இல் போர்த்துக்கேயர் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த முனையில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது இலங்கையிலேயே உயரமான கலங்கரை விளக்கத்தை.

நிற்க. நாம் இறங்க வேண்டிய இடம் வெலிகாமம். வெலிகம என்று இப்போது எழுதுகிறார்கள். வெலி என்றால் சிங்களத்தில் மணல். கம என்றால் கிராமம். யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்கும் இதே பொருள் சொல்லுகிறவர்கள் உண்டு. பெயருக்கேற்றபடி வளைந்து கிடக்கும் நீண்ட மணற்கரை. அந்த வளைவுக்குள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாறை. பாறையின் மேல் காடு போன்ற தோட்டம். தோட்டத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு வீடு எட்டிப் பார்க்கிறது. பாலம் கிடையாது. அலை வற்றியிருக்கும்போது முழங்கால் நனைய நடந்து போகலாம். ஏறியிருக்கும்போது இடுப்பு நனையும். வேஷ்டி கட்டியவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கால்சட்டைக் கனவான்கள்தான் தவித்துப் போவார்கள்.

இந்தப் பாறைக்கு ஊரார் வைத்த பெயர் கல்துவ. துவ என்றால் தீவு. கல் நமக்கும் கல்தான். 1920-களின் நடுவில் மோரிஸ் தெ மௌனி என்ற பிரெஞ்சுப் பிரபு தென்கரையில் சுற்றி வரும்போது அதைக் கண்டார். 1866-இல் பிறந்தவர்; இங்கிலாந்துச் சீமான் ஒருவரின் மகளை மணந்தவர்; தேயிலை வியாபாரி ஸர் தாமஸ் லிப்டனின் விருந்தாளியாக 1912 வாக்கில் இலங்கைக்கு வந்தவர். அவருடைய பிரபுப் பட்டத்தின் மேலேயே ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறார்கள். அது எப்படியானாலும், மனிதருக்கு ரஸனை இருந்தது என்பதில் சந்தேகமில்லை. பூமியில் எங்கேயோ தமக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்று பல வருஷங்கள் தேடியவர், கல்துவவைப் பார்த்ததும் தேட்டத்தை நிறுத்திவிட்டார்.

வீட்டின் நடு மண்டபத்தின் மேல் உயர்ந்த குவிமாடம். பலகைகளில் தாமரைச் சித்திரங்கள். அறைகளுக்கும் மண்டபத்துக்கும் நடுவே சுவரைக் காட்டிலும் திரையே அதிகம். தெற்கே மொட்டை மாடம், அதற்கப்பால் சமுத்திரம். அங்கிருந்து நேர் தெற்காக ஒரு கோடு இழுத்தால் தென்துருவத்துப் பனிக்கட்டி வரையில் தரையே குறுக்கிடாது. தோட்டம் போடுவதில் தெ மௌனி கைதேர்ந்தவர். அதைப் பற்றி 1937-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஊரில் பட்டறை வைத்து, உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு மேஜை நாற்காலிகளும் செய்வித்தார்.

தீவுக்கு அவர் சூட்டிய பெயர் டாப்ரோபேன். பழைய கிரேக்கர் முழு இலங்கைக்கும் வழங்கிய பெயர் அது. நம் திருநெல்வேலித் தாமிரபரணிக்கும், மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கிய தம்பபண்ணிக்கும், இந்த டாப்ரோபேனுக்கும் வேர் ஒன்றே என்பது அறிஞர்களின் கொள்கை. கிரேக்க பூகோளக்காரரான டாலமி, டாப்ரோபேனை உள்ளபடியைக் காட்டிலும் பல மடங்கு பெரிதாகப் படம் வரைந்துவிட்டார். தெ மௌனியோ அதே பெயரை ஒரு தோப்பளவுப் பாறைக்குச் சூட்டிக் கணக்கைச் சரிக்கட்டினார்.

ஆனால் மனோராஜ்யத்துக்கும் வரவு செலவு உண்டல்லவா? 1930-களின் பொருளாதார மந்தம் அவரையும் விடவில்லை. 1941 நவம்பரில், இலங்கையின் மறு கோடியிலே, யாழ்ப்பாணத்து நாவற்குழியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது மாரடைப்பால் காலமானார். யாழ்ப்பாணத்திலேயே அடக்கம் செய்தார்கள். தமக்கென்று ஒரு தீவைத் தேடிப் பிடித்தவருக்கு அந்தத் தீவில் ஆறடி கிடைக்கவில்லை. மறு வருஷம் டாப்ரோபேன் ஏலத்துக்கு வந்தது.

அப்புறம் பல கைகள் மாறிற்று. 1952-இல் வாங்கிய பால் பௌல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் மொராக்கோவில் குடியிருந்தவர். இந்தத் தீவில் உட்கார்ந்து அவர் முடித்த நாவலும் மொராக்கோவைப் பற்றியதுதான். அவருடைய மனைவி ஜேன் பௌல்ஸும் எழுத்தாளர். அந்த அம்மாளுக்குத் தீவு கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாயங்காலமானால் பெரிய பெரிய வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பும்; வீட்டுக்கு மின்சார விளக்குக் கிடையாது. சில வாரங்களில் மூட்டை கட்டிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் இந்த அம்மாளைப் பரிகாசம் செய்வது வழக்கம். நமக்கென்னவோ, அந்த வீட்டைப் பற்றி உண்மையைச் சொன்ன விருந்தாளி அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. கணவரும் சில வருஷங்களிலேயே தீவை விற்றுவிட்டார். 1990-களில் மாளிகையைச் சீர்திருத்தி, வெளிநாட்டார் வந்து தங்கும் உல்லாச விடுதியாக ஆக்கினார்கள். ஐந்து படுக்கையறைகள், சமையற்காரர், பணியாட்கள், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. சுற்றிலும் கடலிருக்க நீச்சல் குளம் எதற்கு என்று கேட்பது நம்மைப் போன்ற பட்டிக்காட்டார் வேலை. ஓர் இரவுக்குரிய வாடகையை விசாரித்த பிறகு, கரையிலிருந்து பார்த்தாலே தீவு நன்றாகத்தான் தெரிகிறது என்ற முடிவுக்கு வந்தோம்.

ஆகவே, கரையிலேயே நின்றோம்.

கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் படகுகள் நம் கட்டுமரங்களல்ல. ஒருவ என்று பெயர். ஒடுங்கிய உடல், பக்கவாட்டில் இரண்டு வளைந்த கழிகள், அவற்றின் நுனியில் மிதக்கும் ஒரு மரக்கட்டை. பழைய முறைப்படி இதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து விடுவார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு விறைத்து நின்று பிளக்கும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கயிற்றுக்கு வேண்டிய நாரை, தேங்காய் மட்டையைப் பல மாதங்கள் தண்ணீரில் ஊற வைத்து, அடித்து எடுக்கிறார்கள். ஊறல் குழிகளின் நாற்றத்தை எந்தப் படத் தபாலிலும் காட்ட முடியாது. அதில் இறங்கி வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பெண்களின் இன்னொரு வேலை ரேந்தை பின்னுவது. நம் பாட்டிமார்கள் ரவிக்கைக் கையில் வைத்துத் தைத்த அதே ரேந்தைதான். போர்த்துக்கேயரோடு வந்த சொல். அங்கேயும் அந்தச் சொல்தான் வழங்குகிறது. உருண்டைத் திண்டின் மேல் புள்ளி குத்திய காகிதத்தைச் சுற்றி, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னஞ்சிறு மரக்கட்டைகளை இரு கைகளாலும் மாற்றி மாற்றி வீசுகிறார்கள். அந்தக் கட்டைக்கு பீரலு என்று பெயர். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சப்தம், தூரத்தில் யாரோ சோழி ஆடுவது போல் கேட்கிறது. கை போகிற வேகத்தைப் பார்த்தால் முழக்கணக்கில் வளர வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விரற்கடை அளவுகூட நீண்டிருக்காது. விலை கேட்கிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஊரின் ஓரத்தில் ஒரு பாறையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சிலை செதுக்கியிருக்கிறது. போதிசத்துவர் சிலை என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. ஊரார் குஷ்டராஜன் என்கிறார்கள். எங்கிருந்தோ தீராத தோல் வியாதியோடு வந்த ராஜா, மூன்று மாதம் இளநீரும் தேங்காயும் மட்டுமே உட்கொண்டு சொஸ்தமானானாம். வெளியூரிலிருந்து ஏதோ ஒரு குறையோடு வந்து இந்தக் கரையில் நிவர்த்தி தேடும் வழக்கம் தெ மௌனியிடம் ஆரம்பிக்கவில்லை என்று தெரிகிறது.

வெலிகாமத்துக்கும் காலிக்கும் நடுவே அஹங்கமை, கொக்கலைப் பக்கம் கடலுக்குள் கழிகள் நட்டிருக்கும். குறுக்கே ஒரு சிறு கட்டை. அதன் மேல் ஒரு மனிதர் குந்தியிருந்து தூண்டில் போடுவார். கரையிலிருந்து பார்த்தால் கொக்கு நிற்பது போல் இருக்கும். ஆதிகாலத்துத் தொழில் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை, இரண்டாவது உலக யுத்தத்தின் போது உணவுக்குத் தட்டுப்பாடு வந்து, கரையில் தூண்டில் போட இடம் போதாமல், பவளப்பாறைகளில் கழி நட்டு உட்கார்ந்தார்கள் என்றே சொல்லப்படுகிறது. அந்த யுத்தம் கொக்கலையை வேறு விதத்திலும் தொட்டது. 1942-இல் அங்கே பிரிட்டிஷ் விமானப் படை தளம் அமைப்பதற்காகக் கிராமத்தாரைச் சொற்ப அவகாசத்தில் வெளியேற்றி வீடுகளைத் தகர்த்தார்கள். சிங்கள இலக்கியத்தின் பெரியவரான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-இல் பிறந்த வீடு மட்டும் தப்பியது. இன்று அது காட்சிசாலை. அந்த ஏரியிலிருந்து கிளம்பிய விமானந்தான் 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுடப்பட்டு விழுந்தது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. டாப்ரோபேன் ஏலம் போனதும் அந்த வருஷந்தான். ஒரு தீவு யாருக்குப் போகும் என்பதற்கு ஏலம் உண்டு. ஒரு கிராமம் எங்கே போகும் என்று கேட்பாரில்லை.

கழி மீனவர்களில் பலர் இப்போது மீனுக்காகக் கழி ஏறுவதில்லை. உல்லாசப் பிரயாணிகள் படம் பிடிப்பதற்காக ஏறுகிறார்கள். கீழே ஒருவர் நின்று காசு வாங்குகிறார். இதைக் கண்டு முகம் சுளிக்கும் பிரயாணிகள் உண்டு. மீன் விற்ற காசைக் காட்டிலும் படத்துக்குக் கிடைக்கும் காசு அதிகமாயிருக்கும்போது அவர் வேறென்ன செய்வார்? நாமும் கொடுத்தோம். படம் சரியாக விழவில்லை. அது வேறு விஷயம்.

2004 டிசம்பர் 26, பௌர்ணமி நாள், விடுமுறை. அன்று காலையில் கடல் எழுந்து வந்ததை நாகப்பட்டினத்தார்க்கும் வேளாங்கண்ணியாருக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் மட்டும் 35,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாம் வந்த அதே ரயில் பாதையில், காலிக்கு வடக்கே பெரேலிய என்னுமிடத்தில், நின்றுகொண்டிருந்த வண்டியை அலை புரட்டிப் போட்டது. அதில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அலை உயர்ந்தபோது கரையிலிருந்த ஜனங்கள் வண்டிக்குள் ஏறினால் தப்பலாம் என்று ஏறியிருந்தார்கள். வெலிகாமத்தில் கரையோரத்து வீடுகள் சரிந்தன. டாப்ரோபேன் மாளிகை மேட்டின் மேல் இருந்தபடியால் பிழைத்தது. அன்று கடலில் நீந்திக்கொண்டிருந்த விடுதிக்காரரான ஆங்கிலேயர் எப்படியோ உயிர் தப்பி, பின்னர் கரையோர ஜனங்களுக்காகப் பெரிய நிவாரண நிதி திரட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு வந்தது ஒரு சட்டம். தென்கரையில் அலையிலிருந்து 100 மீட்டருக்குள் குடியிருப்புகளை மறுபடியும் கட்டக்கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். ஜனங்களின் நன்மைக்காக என்றார்கள், இருக்கலாம். ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அலைக்கு விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று வித்தியாசம் தெரியும் போலும்! பின்னால் சட்டம் தளர்ந்தது. ஆனால் அதற்குள் உள்ளே போனவர்களில் பலர் உள்ளேயே தங்கிவிட்டார்கள்.

நம்மை ஊர் சுற்றிக் காட்டிய முச்சக்கர வண்டிக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம். அந்த ஊரில் அவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தீவைக் காட்டி, "அது யாருடைய வீடு, தம்பி?" என்று கேட்டோம்.

"அது வெள்ளைக்காரன்ட தீவு, ஐயா."

"எந்த வெள்ளைக்காரர்?"

"எல்லா வெள்ளைக்காரனும்தான். ஒருத்தன் போனா இன்னொருத்தன் வாறான்."

"உம்முடைய வீடு எங்கே?"

தீவுக்கு நேரே, ரஸ்தா ஓரத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவேயிருந்த வெறுமையைக் காட்டினார். வாப்பா காலத்து வீடு அங்கேதான் இருந்ததாம். இப்போது மூன்று மைல் உள்ளே கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறார். வீடு நல்ல வீடு, குறை சொல்லக்கூடாது என்றார். ராத்திரியில் அலைச் சத்தம் கேட்காததால் உம்மாவுக்குத்தான் இன்னும் சரியாகத் தூக்கம் வருவதில்லையாம்.

அலை வற்றியிருந்தது. தலையில் ரொட்டிக் கூடையுடன் ஒருவர் தண்ணீரில் இறங்கித் தீவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவர் படியேறி மறைகிற வரையில் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நாங்கள் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம்; கொழும்பு வண்டிக்கு நேரமாகிவிட்டது.